ஊடாத காவேரி

தி. ஜானகிராமனை ஆரணியில் உட்கார்ந்து படிப்பதும் திருத்துறைப்பூண்டியில் உட்கார்ந்து படிப்பதும் ஒரே காரியமல்ல. இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற அளவில் இதைச் சொல்கிறேன். வங்கி வேலை என்னைத் தஞ்சாவூரிலிருந்து கிளப்பி முதலில் ஆரணிக்கு அனுப்பியது. மூன்று வருஷம். கமண்டல நாகநதி வெறும் மணலாகக் கிடப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு அறைக்கு வந்து, இரவில் 'அம்மா வந்தாள்' படித்தேன். முடித்தபோது அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்தச் சூட்டோடு ஒரு கட்டுரையும் எழுதினேன். தஞ்சை மண்ணின் வாசனை, காவேரியின் ஈரம் என்றெல்லாம் அதில் இருந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள்.

பிறகு மாற்றல் வந்தது. திருத்துறைப்பூண்டி. டெல்டாவின் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்தாலும் அது வந்து சேர வாரக்கணக்காகும் ஊர். அங்கே அதே நாவலை மறுபடி எடுத்தேன். நாவல் பழுதுபடவில்லை, அலங்காரம் அப்படியேதான் இருந்தாள், இன்னும் பெரிதாகத்தான் தெரிந்தாள். ஆனால் ஆற்றங்கரை வருகிற பக்கங்களில் எனக்கும் புத்தகத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று குறுக்கே நின்றது. மூன்று வருஷத்துக்கு முன் என்னை அழவைத்த பக்கங்கள் அவை. கோளாறு என்னிடமா, புத்தகத்திடமா, அல்லது அழுகையிடமா என்று அன்று யோசிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

தெரிந்த விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜானகிராமன் 1921இல் மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில் பிறந்தார். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் வளர்ந்து படித்தார். பள்ளி ஆசிரியராகச் சில காலம் இருந்துவிட்டு வானொலிக்குப் போனார். முதலில் சென்னை, அப்புறம் தில்லி. பெரிய நாவல்கள் எழுதப்பட்ட காலத்தில் அவர் டெல்டாவில் வசிக்கவில்லை. 'மோகமுள்' ஐம்பதுகளில் சுதேசமித்திரனில் தொடராக வந்தது. 'அம்மா வந்தாள்' 1966இல். ஜப்பான் போய்விட்டு வந்து 'உதய சூரியன்' எழுதினார். ஆஸ்திரேலியாவைப் பற்றி 'அடுத்த வீடு ஐம்பது மைல்'. நிறைய இடங்களில் இருந்தவர், நிறைய இடங்களுக்குப் போனவர். போன இடங்களை ரசிக்கத் தெரிந்தவர். அவர் பிரயாண நூல்களின் உற்சாகம் நம்மில் வேறு யாருக்கும் கைவரவில்லை. ஆனால் அவர் புனைவு திரும்பத் திரும்பப் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்.

அந்த இடம் அவர் கதைகளில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். அப்பு வேதபாடசாலையை விட்டுச் சென்னைக்குப் போகிறான். அம்மாவைப் பற்றித் தெரிந்துகொள்கிறான். எங்கே வருகிறான்? காவேரிக் கரைக்கு. பாடசாலையும் பவானியம்மாளும் இந்துவும் அங்கேயே, அப்படியே இருக்கிறார்கள். சென்னையில் எதுவும் ஆகலாம். கரையில் அவன் வருவதற்கு இடம் காலியாக இருக்கும். 'மோகமுள்'ளில் பாபு கும்பகோணத்தை விட்டுப் போகிறான். யமுனாவும் அவனும் கடைசியில் சேர்வது சென்னையில். தஞ்சாவூரும் கும்பகோணமும் பாபுவுக்குள் சங்கீதமாகவும் தாபமாகவும் பின்னால் நின்றுவிடுகின்றன. இரண்டிலும் டெல்டா என்பது புறப்படுகிற இடம் அல்லது திரும்பிவருகிற இடம். அங்கேயே தினமும் காலையில் எழுந்து, நேற்று நடந்த அதே வரப்பில் இன்றும் நடக்கிறவனுடைய இடமாக அது அபூர்வமாகவே இருக்கிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. விலகிப் போனவனுக்குத்தான் ஊர் முழுசாகத் தெரியும் என்பது பழைய அபிப்பிராயம். அதில் உண்மையும் உண்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். மௌனி செம்மங்குடியில் பிறந்தவர். கும்பகோணத்தில் பல வருஷம் இருந்துவிட்டு, 1985இல் இறக்கும்வரை சிதம்பரத்தில் இருந்தவர். கொள்ளிடத்துக்கு இந்தக் கரையும் அந்தக் கரையுமாக ஒரு வாழ்நாள். அவர் கதைகளில் எத்தனை ஊர்ப்பெயர் தேறும்? கோவில் இருக்கிறது, யாளி இருக்கிறது, சாலை இருக்கிறது, மரம் இருக்கிறது. பெயர் இல்லை. எம்.வி. வெங்கட்ராம் கும்பகோணத்திலேயே கிடந்தார். 'வேள்வித் தீ'யில் அவர் எழுதியது சௌராஷ்டிர நெசவாளர் வீட்டுத் தறியை. 'காதுக'ளில் எழுதியது தன் காதுக்குள் கேட்ட குரல்களை. தில்லியில் இருந்தவருக்குக் காவேரி, கும்பகோணத்தில் இருந்தவருக்குக் காது. ஊரை விட்டுப் போனவர் ஊர்ப்பெயர்களைச் சொல்லிச் சொல்லி எழுதினார். போகாதவர்களுக்கு அது தோன்றவேயில்லை. இதை நம் விமர்சகர்கள் யாரும் ஒரு பிரச்னையாக எடுத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. மௌனியை அகவுலகம் என்று ஒரு பெட்டியிலும் ஜானகிராமனை மண்வாசனை என்று இன்னொரு பெட்டியிலும் போட்டுப் பூட்டிவிட்டோம். 2021இல் ஜானகிராமன் நூற்றாண்டு வந்தபோதும் பெட்டிகள் மாறவில்லை.

சரி, இனி 'நடந்தாய் வாழி காவேரி'க்கு வருகிறேன். சிட்டியும் ஜானகிராமனும் சேர்ந்து எழுதி 1971இல் வந்த புத்தகம். குடகிலிருந்து பூம்புகார் வரை ஆற்றோடு கூடவே போன பிரயாணம். தமிழில் இந்த வகையில் இதற்கு இணையாக ஒன்று இன்றுவரை கிடையாது. அதன் விசேஷம், சொந்த ஆற்றையே சுற்றுலாப் பயணியாகப் போய்ப் பார்ப்பது. சிட்டிக்கு அது பிறந்த ஆறுகூட இல்லை, அவர் வத்தலக்குண்டுக்காரர். ஜானகிராமனோ அதில் குளித்து வளர்ந்தவர். இருவரும் ஒரே மாதிரி விருந்தாளிகளாகிவிடுகிறார்கள். நிற்பது, குளிப்பது, கோவில் பார்ப்பது, ஒருவர் வீட்டில் சாப்பிடுவது, கிளம்புவது. பிரயாண நூலின் வடிவமே அது. நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பவேண்டும். கிளம்பாவிட்டால் அடுத்த அத்தியாயம் இல்லை.

தலைப்பு இளங்கோவிடமிருந்து எடுத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். யார் வாயிலிருந்து எடுத்தது? கானல்வரியில் காவேரியை இரண்டு பேர் பாடுகிறார்கள். முதலில் கோவலன். சோழன் போய்க் கங்கையைச் சேர்ந்தாலும், கன்னியைச் சேர்ந்தாலும், நீ ஊடமாட்டாய், வாழ்க என்று பாடுகிறான். அவன் ஆற்றிடம் மெச்சுகிற குணம் இது. எங்கே போய்விட்டு வந்தாலும் முகம் திருப்பாத குணம். பிறகு மாதவி யாழை வாங்குகிறாள். அவளும் காவேரியைப் பாடுகிறாள். நடந்துபோகிற ஆற்றை வாழ்த்துகிற இந்தத் தொடர் அவள் பாட்டிலும் வருகிறது. தன் மனசில் வேறு யாரோ இருப்பதுபோல ஒரு பாவனையோடு, கோவலனுக்குச் சுருக்கென்று தைக்கும்படி அவள் பாடுகிறாள். அன்றோடு அவன் போய்விடுகிறான். ஆக, பிரயாணம் போன இரண்டு பேர் தங்கள் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்துக்கொண்டது, ஊரிலேயே இருந்துவிட்ட ஒரு பெண் ஊடல் தொனிக்கப் பாடிய பாட்டிலும் வருகிற தொடர். புத்தகத்தின் தொனியோ கோவலனுடையது. இதை அவர்கள் தெரிந்து செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. தலைப்புகள் தெரியாமல்தான் உண்மை பேசும்.

மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல் என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். ஏன் வயலுக்கும் ஊடலுக்கும் முடிச்சுப் போட்டார்கள் என்று யோசிப்பதில்லை. இருத்தல் முல்லைக்கு உரியது. ஆனால் முல்லையின் இருத்தல் காத்திருத்தல். அவன் வருவான், கார் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். மருதத்தில் அவன் வந்தேவிட்டான். வாசலில் நிற்கிறான். கதவைத் திறப்பதா என்பதுதான் கேள்வி. உபரி நெல் உள்ள இடத்தில்தான் ஒருவன் போகவும் முடியும், வரவும் முடியும். அவன் போனாலும் நாற்றுப் பறிக்க, களை எடுக்க, கதிர் அறுக்க ஆள் இருக்கும். அந்த வசதியின் மேல்தான் அவன் போக்குவரத்து நடக்கிறது. ஊடல் என்பது அந்தப் போக்குவரத்தைப் பற்றி உள்ளே இருப்பவள் கேட்கிற கணக்கு.

இந்த அளவில் பார்த்தால் நம்முடைய டெல்டா இலக்கியம் பெரும்பாலும் மருத நிலத்தில் வைத்துப் பாடிய பாலைப் பாட்டு. பிரிந்தவனுடைய ஏக்கம் அது. ஏக்கத்துக்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. இந்த நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டு முழுக்க அக்ரஹாரங்கள் பட்டணம், பம்பாய், தில்லி என்று கிளம்பிக்கொண்டே இருந்தன. படிப்பு ஒரு காரணம், உத்தியோகம் ஒரு காரணம். 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் நில உச்சவரம்பு. நிலம் கைவிட்டுப் போகப் போக ஊர் மனசுக்குள் வந்து உட்கார்ந்தது. பத்திரம் பெட்டியில் இருந்தவரை யாரும் காவேரியின் ஈரத்தைப் பற்றி இவ்வளவு எழுதவில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டேன்.

பழைய மருதப் பாட்டுகளில் பாணன் ஒருவன் வருவான். போய்விட்டு வந்தவனுக்காக வாசலில் நின்று தூது பேசுவது அவன் வேலை. அவன் நல்லவன், மனசு முழுக்க நீதான், திற என்பான். வாயில் மறுத்தல் என்று அதற்கென்றே ஒரு துறை உண்டு: தோழி அவனை நாலு வார்த்தை கேட்டுத் துரத்துவது. நம் விமர்சனம் நாற்பது ஐம்பது வருஷமாகச் செய்துகொண்டிருப்பது இந்தப் பாணன் வேலை. எவ்வளவு பிரியம், எவ்வளவு நுணுக்கமான வாசனை, எப்பேர்ப்பட்ட காவேரி என்று வந்தவன் சார்பில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆரணியில் நான் எழுதிய கட்டுரை அந்த ரகம்தான். அதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

தூரத்துப் பார்வை என்றால் ஏக்கம் மட்டும்தானா? இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்டதன் முடிவு அது. இதை முதலில் நாவலாக்கியவர் கும்பகோணத்தில் வளர்ந்து தில்லியில் பேராசிரியராக இருந்த இந்திரா பார்த்தசாரதி. 'குருதிப்புனல்' 1975இல் வந்தது. 1977க்கான சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. ஏக்கத்தின் சாயலே இல்லாத புத்தகம். தில்லிக்குப் போன ஒருவருக்கு ஆறு தெரிந்தது, இன்னொருவருக்கு நெருப்பு தெரிந்தது. ஆனால் கவனியுங்கள், நாவலின் கண்கள் யாருடையவை? தில்லியிலிருந்து வந்து கிராமத்தில் தங்கிவிட்ட கோபாலுடையவை, அவனைத் தேடி வருகிற சிவாவுடையவை. வெளியிலிருந்து வந்த அந்தக் கண்கள் கண்ணையா நாயுடுவின் குரூரத்துக்கு அவனுடைய ஆண்மைக் குறையில் காரணம் தேடின. இடதுசாரிகள் அன்றைக்கே சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் கட்சிக் காரணம். என் காரணம் வேறு. கூலி அளக்கிற மரக்கால் எவ்வளவு பிடிக்கும் என்பதைத் தினமும் பார்க்கிறவனுக்கு ஃப்ராய்ட் தேவைப்பட்டிருக்க மாட்டார். விருந்தாளிக்கு எல்லாவற்றுக்கும் விளக்கம் வேண்டியிருக்கிறது.

1999இல் சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' வந்தது. அதே வெண்மணி. எழுதியவர் திருவாரூர்ப் பக்கத்திலேயே ஆசிரியராக இருந்தவர். வடிவம் என்று பார்த்தால் அது நெகிழ்ந்து போன நாவல். பல இடங்களில் பேச்சு நாவலைத் தின்றுவிடுகிறது. இந்திரா பார்த்தசாரதியின் கச்சிதத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. இருந்தும் திருத்துறைப்பூண்டி அறையில் என்னைத் தூங்கவிடாத புத்தகம் இதுதான். அதில் யாரும் ஊருக்கு வரவில்லை. எல்லோரும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். இலக்கியத் தரம் என்ற நம் அளவுகோல் இந்த வித்தியாசத்துக்குப் பெயர் வைத்திருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் இருந்தவன்தான் எழுத வேண்டும், வந்தவன் வாயை மூட வேண்டும் என்கிறாயா என்று நண்பர் ஒருவர் கடிதத்தில் கேட்டார். இல்லை. அதற்குத் திருவையாற்றில் ஒரு பதில் இருக்கிறது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878இல் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். அது கபினிக் கரை. அந்தத் தண்ணீரும் காவேரிக்குத்தான் வருகிறது. சென்னையில் பாடிச் சம்பாதித்த சொத்தைத் திருவையாற்றில் கொட்டி, 1920களில் தியாகராஜர் சமாதிக்குக் கோவில் எழுப்பினார். கட்டியவர் அவர், ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. 1927இல் பெண்களைச் சேர்த்துத் தனிக் கட்சியாகவே ஆராதனை நடத்தினார். 1940வாக்கில் எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின. அவர் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. திருவையாற்றிலேயே குடியிருந்து 1952இல் இறந்தார். அவர் சமாதி தியாகராஜருக்கு எதிர்ப்பக்கத்தில், அருகிலேயே இருக்கிறது. தை மாதம் பஞ்சரத்தினத்துக்குச் சென்னையிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்து பாடிவிட்டு மறுநாள் ரயிலேறுகிறவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

இவர் 1910இல் ஒரு தெலுங்குப் புத்தகத்தைப் பதிப்பித்தவர் என்பது இங்கே தற்செயல்தான், ஆனால் விடமுடியாத தற்செயல். 'ராதிகா சாந்த்வனம்'. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் சபையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் எழுதியது. விஷயம்? வேறொருத்தியிடம் போய்விட்டு வந்த கிருஷ்ணன்மேல் ராதை கொள்கிற கோபமும், அவன் அவளைச் சமாதானம் செய்வதும். ஆபாசம் என்று 1911இல் அரசாங்கம் தடை செய்தது. 1947 வரை தடை இருந்தது. தஞ்சாவூர் தன் ஊடலை ஒருமுறை எழுதியிருக்கிறது. எழுதியவள் பெண், மொழி தெலுங்கு, மீட்டெடுத்தவள் கன்னட நாட்டிலிருந்து வந்தவள். நாம் மண்வாசனை பேசிக்கொண்டிருந்தோம்.

நாகரத்தினம்மாள் விருந்தாளியாக வந்தவர்தான். அவருக்குத் திருவையாறு மேல் இருந்தது பக்தி, பிரேமை, எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் அந்த ஊரோடு அவர் சண்டை போட்டார். நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பவில்லை. இடத்தின்மேல் பிரியம் வைப்பது வேறு, அதனோடு ஊடுகிற உரிமையைச் சம்பாதிப்பது வேறு. உரிமை பிறப்பால் வருவதில்லை. தங்குவதால் வருகிறது, தங்கிக் கையைச் சுட்டுக்கொள்வதால் வருகிறது. நான் கேட்பது அந்தக் குரலை. ஜானகிராமனுடைய தமிழ்க் காதும் மௌனியின் பெயர் சொல்லாத இருப்பும் சேர்ந்து, டெல்டாவை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிற ஒரு உரைநடை. தஞ்சை ப்ரகாஷிடம் அதன் கோபம் இருந்தது. 'கரமுண்டார் வூடு' வீட்டுக்குள் இருந்துகொண்டு எழுதியது. நிதானம் இல்லாததால் பாதியில் கைநழுவியது என்பது என் அபிப்பிராயம்; மறுப்பவர்கள் எழுதட்டும்.

கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றைப் பார்க்கிறேன். பயிர்க்கடனுக்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். நிலத்தை உழுகிறவர் வாய்மொழிக் குத்தகைக்காரராக இருந்தால் அடங்கலில் அவர் பெயர் இருக்காது. நிலம் கோவிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கலாம். சென்னையில் இருக்கிற ஒருவருடையதாகவும் இருக்கலாம். சென்னைக்காரர் வருஷத்துக்கு ஒருதரம் குலதெய்வத்துக்கு வருகிறார். வந்தால் வங்கிக்கும் வருவார். தங்கமான மனுஷர்கள். இந்த ஊர்த் தண்ணீர் மாதிரி வராது சார் என்பார்கள். மனப்பூர்வமாகத்தான் சொல்கிறார்கள், கண்கூடக் கலங்கும். பின்னால் வரிசையில் நகைக்கடனுக்காகக் கைக்குட்டையில் சுற்றிய தோட்டோடு நிற்கிறவர் அவர்கள் நிலத்தை உழுகிறவராகவே இருக்கக்கூடும். அவர் தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். டோக்கன் எத்தனை என்று கேட்பார். கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று நான்தான் கேட்பேன். முள்ளியாற்றில் ஆகாயத்தாமரை எடுக்கிறார்கள் என்பார், அதற்கும் மேலே பேசமாட்டார்.

கோவலன் மெச்சியது இந்த மௌனத்தைத்தான் என்று எனக்கு இப்போது படுகிறது. நான் அதைப் பொறுமை என்றும் மண்ணின் குணம் என்றும் ஆரணியில் எழுதினேன். டோக்கன் கேட்டவருடைய முகத்தை நினைத்தால் அந்த வாக்கியங்களை அடிக்காமல் விடமுடியவில்லை.

போன மாதம் வடக்கேயிருந்து ஒரு எழுத்தாள நண்பர் வந்திருந்தார். ஜானகிராமனை மொழிபெயர்ப்பில் படித்தவர். தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் காவேரி எங்கே என்றார். தஞ்சாவூரில் காவேரி கிடையாது. இங்கே இருப்பது வெட்டிய புது ஆறு, கரந்தைப் பக்கம் வடவாறு, அதற்கும் வடக்கே வெண்ணாறு. காவேரி பார்க்கப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் திருவையாற்றுக்குப் போகவேண்டும். அவருக்கு ஏமாற்றம். போகும் வழியில் ஒவ்வொரு பாலத்திலும் இதுவா, இதுவா என்று கேட்டுக்கொண்டே வந்தார். குடமுருட்டியில் பஸ் மெதுவாகப் போனது, கீழே ஒரு அம்மாள் துணி அடித்துக்கொண்டிருந்தாள். இது அவர்கள் ஆறு, உங்களுடையது அடுத்தது என்றேன். நண்பர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.